ஆர்வெல் சொன்ன டீ, பந்தலூர் பறிக்கும் டீ: பிளஸ் 2 ஆங்கிலப் பாடம் நம்மிடம் என்ன கேட்கிறது?

பிளஸ் 2 ஆங்கில நான்-டீடெயிலில் நீங்கள் படித்த கதைகளில் எத்தனை இப்போது ஞாபகம் இருக்கின்றன? ஒன்றிரண்டு தலைப்புகள் நினைவுக்கு வரலாம். அந்தக் கதைக்கு நீங்கள் எழுதிய ஐந்து மார்க் பாராகிராஃப்? 'மனப்பாடம் பண்ணோம், எழுதினோம், மறந்துட்டோம்' என்பதுதான் நம்மில் பலருடைய பதிலாக இருக்கும்.

இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கும் இதே நிலைதானா? ஆங்கில வகுப்பில் ஒரு நாவலையோ நாடகத்தையோ படிப்பதால் உண்மையில் என்ன கிடைக்க வேண்டும், என்ன கிடைக்கிறது? இதைப் புரிந்துகொள்ள, நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரளத்தை ஒட்டியிருக்கும் பந்தலூருக்குப் போகலாம். பிளஸ் 2 ஆங்கிலப் புத்தகத்தில் இருக்கும் ஒரு பாடம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ரொம்பவே நெருக்கமானது. ஆனால், அந்த நெருக்கத்துக்குத் தேர்வில் ஒரு மார்க்கும் கிடையாது.

அது என்ன பாடம்?

2019-20 கல்வியாண்டில் அறிமுகமான பிளஸ் 2 ஆங்கிலப் பாடநூலின் உரைநடைப் பாடங்களில் ஒன்று, ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய 'எ நைஸ் கப் ஆஃப் டீ'. 'அனிமல் ஃபார்ம்', '1984' நாவல்களை எழுதிய அதே ஆர்வெல்தான். பிகாரின் மோதிஹாரியில் பிறந்தவர்.

1946 ஜனவரியில் லண்டனின் 'ஈவினிங் ஸ்டாண்டர்டு' பத்திரிகையில் வந்த சின்னக் கட்டுரை இது. நல்ல டீ போடுவதற்கு 11 விதிகள் சொல்கிறார். டீத்தூள் இந்தியாவிலிருந்தோ சிலோனிலிருந்தோ வந்ததாக இருக்க வேண்டும். பாத்திரத்தை முதலில் சூடாக்கிக்கொள்ள வேண்டும். டீ நல்ல ஸ்ட்ராங்காக இருக்க வேண்டும். கப்பில் முதலில் டீ, பிறகுதான் பால். சர்க்கரை கூடவே கூடாது. இப்படிப் போகிறது பட்டியல். உலகப் போர் முடிந்தும் பிரிட்டனில் டீ ரேஷனில் கிடைத்த காலம் அது. அதனால் ஒவ்வொரு கப்புக்கும் அவ்வளவு கணக்கு.

இப்போது பந்தலூரைப் பாருங்கள். சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி, நெல்லியாளம், தேவாலா என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை. இங்கே பெரிய பரப்பில் இருப்பவை டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டங்கள். 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையின் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அப்படித் தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு வேலையும் வீடும் தரத்தான் டான்டீ தோட்டங்கள் உருவாக்கப்பட்டன.

அதாவது, ஆர்வெல் 'சிலோன் டீ' என்று எழுதிய அதே நாட்களில் சிலோனில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களின் பேரப் பிள்ளைகளும் கொள்ளுப் பேரப் பிள்ளைகளும் பந்தலூர்ப் பள்ளிகளில் அந்தக் கட்டுரையைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

படித்துவிட்டு என்ன எழுதுகிறார்கள்? ஆர்வெல் சொன்ன விதிகள் என்னென்ன, பாலை முதலில் ஊற்றலாமா, சர்க்கரை போடுவதை அவர் ஏன் எதிர்க்கிறார். பாடத்தில் இருப்பதைத் திருப்பிச் சொன்னால் போதும். 'உன் வீட்டில் டீ எப்படிப் போடுவாங்க? அது ஆர்வெல்லின் எத்தனை விதிகளை உடைக்குது? இந்த 11 விதியிலும் டீ பறிச்சவங்க ஏன் ஒரு இடத்தில்கூட வரலை?' என்று கேட்டால், அந்த மாணவியிடம் சொல்வதற்கு நிறைய இருக்கும். சென்னையில் உட்கார்ந்து அதே பாடத்தைப் படிக்கும் மாணவரைவிடவும் அதிகமாக இருக்கும். அந்தக் கேள்வி அவளிடம் வந்து சேர்வதே இல்லை என்பதுதான் விஷயம்.

தேர்வு எதைக் கேட்கிறது?

பிளஸ் 2 ஆங்கிலத்தில் எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண்கள். தேர்ச்சிக்கு 35. முன்பு ஆங்கிலத்துக்கு இரண்டு தாள்கள் இருந்தன. இப்போது ஒரே தாள். அதற்குள் இலக்கணம், சொற்பொருள், கடிதம், உரைநடை, கவிதை, நான்-டீடெயில் எல்லாமே வந்துவிட வேண்டும்.

பாடப்பட்டியல் மோசமில்லை. உண்மையில் நன்றாகவே இருக்கிறது. ஷேக்ஸ்பியர், டென்னிசன், தோரு தத் கவிதைகள் இருக்கின்றன. கி.ராஜநாராயணனின் 'நாற்காலி' சிறுகதை ஆங்கிலத்தில் இருக்கிறது. நான்-டீடெயிலில் டால்ஸ்டாய் கதை, ரே பிராட்பரியின் அறிவியல் புனைகதை, யான் மார்டெலின் 'லைஃப் ஆஃப் பை' நாவலிலிருந்து ஒரு பகுதி, 'தி ஹவர் ஆஃப் ட்ரூத்', 'ரிமெம்பர் சீசர்' என்று இரண்டு ஓரங்க நாடகங்கள். தேர்ந்தெடுத்தவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

சிக்கல் கேள்வித்தாளில் தொடங்குகிறது. ஒரு கவிதை வரியைக் கொடுத்து 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக' என்றால், பதிலுக்கு ஒரு அச்சு இருக்கிறது. இந்த வரி இன்ன கவிதையிலிருந்து எடுக்கப்பட்டது, இன்னார் எழுதியது, இன்ன இடத்தில் வருகிறது, இதன் பொருள் இது. கோடிட்ட இடங்களை நிரப்புவதுபோல பெயர்களை மட்டும் மாற்றினால் போதும். நான்-டீடெயில் பாராகிராஃபும் அப்படித்தான். கதைச் சுருக்கத்தை வரிசை தவறாமல் எழுதினால் மார்க்.

விளைவு? கதையைப் படிக்காமலேயே கதையைப் பற்றி எழுத முடிகிறது. கைடில் இருக்கும் பதில் போதும். இப்போது கைடுகூட வேண்டாம், ஏஐ-யிடம் கேட்டால் பத்து விநாடியில் சுருக்கம் வந்துவிடும். ஒரு இயந்திரம் பத்து விநாடியில் செய்வதை ஒரு பிள்ளை ஒரு வருஷம் மனப்பாடம் செய்வதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

கைடு படிப்பது சோம்பேறித்தனமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. தோட்டக் குடியிருப்பில் இருந்து வரும் பிள்ளைக்கு வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆள் இருக்காது. பந்தலூர் வட்டாரத்தில் ஒரே வகுப்பறைக்குள் தமிழ், மலையாளம், கன்னடம் பேசுபவர்களும், பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் போன்ற பழங்குடிச் சமூகங்களின் மொழிகளைப் பேசுபவர்களும் இருப்பார்கள். சிலருக்குத் தமிழே இரண்டாவது மொழி, ஆங்கிலம் மூன்றாவது. சாயங்காலம் யானை நடமாட்டத்துக்குப் பயந்து சீக்கிரம் வீடு போய்ச் சேர வேண்டிய ஊர்கள் இவை. ஸ்பெஷல் கிளாஸ், டியூஷன் எல்லாம் நகரத்தைப்போலக் கிடைக்காது.

இந்த நிலையில் 35 மார்க்கைத் தாண்ட கைடு ஒரு கைத்தடி. அதைப் பிடுங்கிக்கொண்டு 'சொந்தமா எழுது' என்று சொல்வது நியாயமில்லை. ஆசிரியர்களும் அந்தக் கைத்தடியை விரும்பித் தருவதில்லை. தேர்ச்சி சதவீதம் பார்க்கப்படும் இடத்தில் அவர்களுக்கும் வேறு வழி குறைவு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பொறியியல் கவுன்சலிங் கட்-ஆஃப் கணக்கில் கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டும்தான். மருத்துவத்துக்கு நீட். ஆங்கில மார்க் எங்கேயும் சேராது. 'இங்கிலீஷ்ல பாஸ் ஆனா போதும்' என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்வதற்கு இதுதான் காரணம். ஆனால் கல்லூரிக்குப் போனதும், வேலைக்கு இன்டர்வியூவில் உட்கார்ந்ததும் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. கட்-ஆஃபில் சேராத பாடம்தான் அங்கே முதலில் கணக்கில் வருகிறது. அதிலும் 'இதைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?' என்ற கேள்வி வந்தால், பாராகிராஃப் உதவாது.

கதையைச் சுருக்கினால் எது தொலைகிறது?

ஒரு எடுத்துக்காட்டு. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாடத்தில் ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பஸ்ட்' கதை வடிவில் இருக்கிறது. ஷேக்ஸ்பியரைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லும் வழக்கத்தைப் பிரபலமாக்கியவர்கள் சார்லஸ் லாம்ப், மேரி லாம்ப் என்ற அக்கா - தம்பி. அவர்களுடைய 'டேல்ஸ் ஃப்ரம் ஷேக்ஸ்பியர்' 1807-ல் வந்தது. இன்றுவரை நம் பள்ளிகளில் ஷேக்ஸ்பியர் என்றால் பெரும்பாலும் இந்த வடிவம்தான்.

கதை தெரிந்ததுதான். தம்பியால் நாட்டை இழந்த புராஸ்பரோ, மகள் மிராண்டாவுடன் ஒரு தீவில் ஒதுங்குகிறான். மந்திர சக்தியால் புயல் வரவழைத்து, எதிரிகளைத் தீவுக்குக் கொண்டுவந்து, கடைசியில் மன்னித்துவிடுகிறான். தீவில் காலிபன் என்றொருவன் இருக்கிறான். லாம்ப் எழுதிய கதையில் அவன் உருவம் கோணலான, சோம்பேறியான வேலைக்காரன். அவ்வளவுதான்.

மூல நாடகத்தில் அவன் வாய் திறந்து பேசுகிறான். இந்தத் தீவு என்னுடையது, என் அம்மா வழியாக எனக்கு வந்தது, நீ வந்து பிடுங்கிக்கொண்டாய் என்று புராஸ்பரோவின் முகத்துக்கு நேராகச் சொல்கிறான். நீ எனக்குக் கற்றுத்தந்த மொழியால் எனக்கு ஒரே லாபம், உன்னைத் திட்ட முடிவதுதான் என்கிறான். காலிபன் நல்லவனா என்பது வேறு விஷயம். மிராண்டாவிடம் முறைகேடாக நடக்க முயன்றவன் என்ற குற்றச்சாட்டும் அதே காட்சியில் வருகிறது, அவன் அதை மறுப்பதில்லை. யார் பக்கம் நிற்பது என்று வாசகர் திணற வேண்டிய இடம் அது. சுருக்கத்தில் அந்தத் திணறலே இல்லை. எதிர்த்துப் பேசுகிறவனின் குரல்தான் முதலில் வெட்டுப்படுகிறது.

கூடலூர், பந்தலூர் பகுதியில் 'இந்த நிலம் யாருடையது?' என்பது ஏட்டுக் கேள்வி இல்லை. ஜென்ம நிலங்களை ஒழிக்க 1969-ல் சட்டம் வந்தும், பட்டா, குத்தகை, காடு, தோட்டம் என்று வழக்குகளும் வாதங்களும் பல தலைமுறைகளாக ஓடிக்கொண்டிருக்கும் இடம் இது. அந்த ஊர்ப் பிள்ளை முன்னால் காலிபனின் வாதத்தை வைத்தால், ஷேக்ஸ்பியர் திடீரென்று பக்கத்து வீட்டுக்காரர் ஆகிவிடுவார். சுருக்கத்தை வைத்தால், அவர் ஐந்து மார்க்.

அப்படியானால் முழுப் புத்தகம் வைத்துவிட்டால் போதுமா?

போதாது. வைத்துப் பார்த்தவர்களின் அனுபவமே அதைச் சொல்கிறது.

ஐசிஎஸ்இ பள்ளிகளில் 'ஜூலியஸ் சீசர்', 'தி மெர்சன்ட் ஆஃப் வெனிஸ்' போன்ற ஷேக்ஸ்பியர் நாடகங்களை முழுதாகவே படிக்கிறார்கள். அதற்கும் வரிக்கு வரி விளக்கம் தரும் கைடுகள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன. சிபிஎஸ்இ 2010-களில் 9 முதல் 12-ம் வகுப்பு வரை முழுநீளப் புத்தகங்களை வைத்தது. 'கலிவர்ஸ் டிராவல்ஸ்', ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு, ஹெச்.ஜி.வெல்ஸின் 'தி இன்விசிபிள் மேன்' எல்லாம் இருந்தன. சில ஆண்டுகளிலேயே அவை பாடத்திட்டத்திலிருந்து விலக்கப்பட்டன.

இங்கிலாந்தில் 2015-ல் தொடங்கிய புதிய ஜிசிஎஸ்இ ஆங்கில இலக்கியப் பாடத்தில் ஒரு முழு ஷேக்ஸ்பியர் நாடகமும் 19-ம் நூற்றாண்டு நாவல் ஒன்றும் கட்டாயம். தேர்வு அறைக்குள் புத்தகம் கொண்டுபோக முடியாது. அதனால் அங்கேயும் பிள்ளைகள் மேற்கோள்களைக் கார்டில் எழுதிவைத்து மனப்பாடம் செய்கிறார்கள். டிக்கன்ஸாக இருந்தாலும் டால்ஸ்டாயாக இருந்தாலும், தேர்வு நினைவாற்றலை மட்டும் கேட்டால் மாணவர்கள் மனப்பாடத்தைத்தான் தருவார்கள். லண்டனுக்கும் பந்தலூருக்கும் இதில் வித்தியாசம் இல்லை.

ஆக, புத்தகத்தின் நீளத்தோடு கேள்வியின் தன்மையும் மாற வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் பலன் இல்லை.

முழுதாகப் படிப்பதால் அப்படி என்ன கிடைக்கும்?

இதற்கு ஆர்வெல்லிடமே போகலாம். டீக்கு 11 விதிகள் எழுதிய அவர், அதற்கு முந்தைய ஆண்டு, 1945-ல் வெளியான 'அனிமல் ஃபார்ம்' நாவலில் 7 விதிகள் எழுதியிருந்தார். பண்ணை விலங்குகள் முதலாளியைத் துரத்திவிட்டுத் தங்களுக்கென்று சட்டம் போட்டுச் சுவரில் எழுதிவைக்கின்றன. போகப்போக, அதிகாரத்துக்கு வந்த பன்றிகள் அந்தச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் திருத்துகின்றன. ஒன்றிரண்டு சொற்களை மட்டும் சேர்த்து, அர்த்தத்தையே புரட்டிவிடுகின்றன.

மற்ற விலங்குகளுக்குச் சந்தேகம் வருகிறது. 'முன்னாடி இப்படி இல்லையே?' என்று தோன்றுகிறது. ஆனால் பெரும்பாலானவற்றுக்கு ஒழுங்காகப் படிக்கத் தெரியாது. எழுதியிருந்தது ஞாபகமும் இல்லை. சுவரில் இருப்பதுதான் எப்போதும் இருந்தது என்று நம்பிவிடுகின்றன.

இந்தக் கதையைச் சுருக்கமாகப் படிக்கிறவருக்கு 'பன்றிகள் சட்டத்தை மாற்றின' என்ற தகவல் கிடைக்கும். முழுதாகப் படிக்கிறவர் வேறொன்றைச் செய்வார். மாறிய விதியைப் பார்த்ததும் 'இரு, முதல்ல என்ன எழுதியிருந்தது?' என்று பக்கங்களைப் பின்னால் புரட்டுவார். அந்த விலங்குகளால் செய்ய முடியாததை அவர் செய்கிறார். எழுதியதைச் சரிபார்க்கிறார்.

இலக்கிய வகுப்பில் 'பகுப்பாய்வு' என்று சொல்வதெல்லாம் அடிப்படையில் இந்தப் பின்னால் புரட்டும் பழக்கம்தான். இவன் முன்பு சொன்னதும் இப்போது சொல்வதும் ஒன்றா? கதை சொல்கிறவரை நம்பலாமா? யார் பேசவே இல்லை? 'லைஃப் ஆஃப் பை' முழு நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும், கடைசியில் புலியும் படகும் உள்ள கதைக்குப் பக்கத்தில் இன்னொரு கதை வந்து நிற்கும். எது உண்மை என்ற கேள்வியின் கனம், முந்தைய நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கடந்து வந்தவருக்கே புரியும்.

வேலைக்குப் போன பிறகு நாம் செய்வதும் இதைத்தான். ஆஃபர் லெட்டரில் ஒரு ஷரத்து, வாடகை ஒப்பந்தத்தில் ஒரு திருத்தம், கிளையன்ட் அனுப்பிய ஆவணத்தின் புதிய வடிவம், தோட்டத்தில் சம்பளச் சீட்டில் புதிதாக முளைத்த ஒரு பிடித்தம். 'போன மாசம் இது இல்லையே' என்று காகிதத்தை எடுத்துக் காட்டத் தெரிந்தவரை ஏமாற்றுவது கஷ்டம்.

இப்போது ஏன் இதைப் பேச வேண்டும்?

ஏனென்றால், ஒரு வருஷம் காலியாகியிருக்கிறது. பிளஸ் 1 பொதுத்தேர்வு 2017-18-ல் தொடங்கியது. 2025 ஆகஸ்ட் 8-ல் வெளியான தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 முதல் அது கைவிடப்பட்டது. பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் 2-வுக்கும் நடுவே, பொதுத்தேர்வுப் பயமில்லாத ஒரு வருஷம் மாணவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. பிளஸ் 1 பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதே, பல தனியார் பள்ளிகள் பிளஸ் 1 பாடத்தை நடத்தாமல் நேராகப் பிளஸ் 2 பாடத்துக்குத் தாவியதைத் தடுக்கத்தான். அந்தப் பழக்கம் திரும்பினால், கிடைத்த ஒரு வருஷமும் இன்னொரு வருஷ மனப்பாடமாகவே முடியும். அந்த இடத்தில் ஒரே ஒரு முழுப் புத்தகத்தை வைக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

என்ன செய்யலாம்?

முதலாவது, சின்னப் புத்தகமாக ஒன்று. 'அனிமல் ஃபார்ம்' பொருத்தமாக இருக்கும். சுமார் 30,000 சொற்கள்தான். ஆங்கிலமும் எளிது. ஆர்வெல் 1950-ல் இறந்தார். இந்தியாவில் காப்புரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரைதான் என்பதால், அரசு யாரிடமும் அனுமதி கேட்காமல் அச்சடித்துக் கொடுக்கலாம். 'வாசிப்பு இயக்கம்' மூலம் தமிழில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துக் குட்டிப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்த துறைக்கு இது முடியாத காரியமில்லை.

இரண்டாவது, நாடகத்தை நாடகமாக நடத்துவது. பிளஸ் 2-வில் இருக்கும் 'தி ஹவர் ஆஃப் ட்ரூத்' நாடகத்தில், வங்கி ஊழியர் பால்ட்வின் தன் நண்பரும் வங்கித் தலைவருமான கிரஷாமுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டும். 'ஞாபகம் இல்லை' என்று சொன்னால் போதும், ஒரு லட்சம் டாலர் கிடைக்கும். அதுவரை கிரஷாமைத் திட்டிக்கொண்டிருந்த வீட்டார், தொகையைக் கேட்டதும் மெல்லச் சுருதி மாறுகிறார்கள். இதைப் பாராகிராஃபாக எழுதச் சொல்வதற்குப் பதில், நான்கு பேரை எழுந்து நின்று நடிக்கச் சொல்லலாம். பம்மல் சம்பந்த முதலியார் 'ஹாம்லெட்'டை 'அமலாதித்யன்' ஆக்கித் தமிழ் மேடையில் ஏற்றினார். அரசுப் பள்ளிகளில் ஏற்கெனவே கலைத் திருவிழா நடக்கிறது. மேடை புதிதாகத் தேட வேண்டாம்.

மூன்றாவது, உள்ளூர்க் கதையைப் பக்கத்தில் வைப்பது. தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி ஆங்கிலத்திலேயே நாவல்கள் இருக்கின்றன. முல்க் ராஜ் ஆனந்தின் 'டூ லீவ்ஸ் அண்ட் எ பட்' 1937-ல் வந்தது, களம் அசாம் தேயிலைத் தோட்டம். வால்பாறைப் பக்கம் தோட்ட மருத்துவராக வேலை பார்த்த பி.ஹெச்.டேனியல் 1969-ல் எழுதிய 'ரெட் டீ', ஆனைமலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் கதை. இரா.முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழிலும் கிடைக்கிறது. இயக்குநர் பாலாவின் 'பரதேசி' படத்துக்கு அடிப்படை இந்த நாவல்தான். ஆர்வெல்லின் டீக் கட்டுரையையும் 'ரெட் டீ'யின் நாலு பக்கத்தையும் அடுத்தடுத்துப் படித்தால், கப்பின் இரண்டு பக்கமும் தெரியும்.

நான்காவது, கேள்வி. எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். பிளஸ் 2 கேள்வித்தாளில் ஒரே ஒரு ஐந்து மார்க் கேள்வி போதும். பாடப் பகுதியைக் கேள்வித்தாளிலேயே அச்சிட்டுவிட்டு, 'இதில் உனக்கு உடன்பாடு உண்டா, இல்லையா? பகுதியிலிருந்து இரண்டு ஆதாரம் காட்டு' என்று கேட்கலாம். பதிலுக்குச் சரி, தப்பு கிடையாது. ஆதாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மார்க் போடலாம். தேர்ச்சிக்கான 35-ஐ இது பாதிக்காது. கைத்தடி தேவைப்படுகிறவரிடமிருந்து அதைப் பிடுங்கியதாகவும் ஆகாது.

ஆசிரியர்கள் என்ன சொல்லக்கூடும்?

'முதலில் வாக்கியம் எழுத வரட்டும், விமர்சனம் பிறகு' என்பது வலுவான மறுப்பு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பேசத் தெரிந்த விஷயத்தைப் பற்றித்தான் வாக்கியமும் சீக்கிரம் வரும். லண்டன் டீயைப் பற்றி மனப்பாடம் செய்யும் பிள்ளை பத்து வரிக்குப் பிறகு திக்கி நின்றுவிடும். 'எங்க வீட்ல டஸ்ட் டீதான். பாட்டி பாலே ஊத்தமாட்டாங்க, வெறும் சாயம்தான் குடிப்பாங்க' என்று தொடங்கும் பிள்ளை, அதை ஆங்கிலத்தில் சொல்ல இரண்டு சொற்களைத் தானே தேடும். இலக்கணம் தவறலாம். திருத்திக்கொள்ளலாம். சொல்ல எதுவும் இல்லாத வாக்கியத்தைத் திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை.

வகுப்பில் கூட்டம், ஆசிரியர் பற்றாக்குறை, பாடம் முடிக்க நேரமின்மை என்பவையும் உண்மையான தடைகள். அதனால்தான் ஒரு வருஷத்துக்கு ஒரே புத்தகம், கேள்வித்தாளில் ஒரே கேள்வி என்று சின்னதாகத் தொடங்குவது நல்லது.

நமக்கு இதில் என்ன?

பள்ளியை முடித்துவிட்டோம், இனி நமக்கென்ன என்று தோன்றலாம். வீட்டில் பிளஸ் 2 படிக்கும் தம்பியோ தங்கையோ இருந்தால், 'மார்க் எவ்வளவு?' என்று கேட்பதோடு 'அந்த டீ பாடத்தில் ஆர்வெல் சொல்றது சரின்னு நினைக்கிறியா?' என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். முதலில் முழிப்பார்கள். இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது.

ஆர்வெல்லுக்குச் சர்க்கரை போட்ட டீ பிடிக்காது. பந்தலூரில், கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் குளிரில் நடுங்கிக்கொண்டே இனிப்பாக ஒரு டம்ளர் டீ குடிக்கிற அம்மாவைப் பார்த்து வளர்ந்த மாணவிக்கு அதில் ஒரு மாற்றுக் கருத்து இருக்கும். அதை அவள் ஆங்கிலத்தில், காரணத்தோடு, ஆர்வெல்லின் வரியை எடுத்துக்காட்டி எழுதினால், அதற்கு ஐந்து மார்க் தாராளமாகக் கொடுக்கலாம்.